ஒரே பாராமீட்டருக்கு ஐந்து விளக்கம்: எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி: எங்கள் கம்பெனிக்குள் மட்டும் பயன்படும் ஒரு பைதான் லைப்ரரியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பத்து வருடமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபங்ஷன்கள், நான்கு டீம்கள் அதில் கை வைக்கின்றன. டாக்ஸ்ட்ரிங்குகள் (ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்புகள்) ஆளுக்கொரு மாதிரி இருக்கின்றன. ஒரே பாராமீட்டருக்கு (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் உள்ளீடு) ஐந்து இடத்தில் ஐந்து விளக்கம். நாற்பது பக்கத்துக்கு ஒரு ஸ்டைல் கைடு எழுதிப் பார்த்தோம். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது மேனேஜர், "ஏஐயிடம் கொடுத்துவிடு, ஒரே வாரத்தில் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? அண்டர்ஸ்கோரில் தொடங்கும் உள் ஃபங்ஷன்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா? (வாசகி, கோவை)

பதில்: வணக்கம். உங்கள் மேனேஜர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு மனசு ஒப்பாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லிவிட்டால், மீதி வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதும் பாதி தெளிவாகிவிடும்.

டாக்ஸ்ட்ரிங்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு வியாதிகளை ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஒன்று உருவத்தில் வரும் வேறுபாடு. ஒருவர் கூகுள் பாணியில் எழுதியிருப்பார், இன்னொருவர் நம்பை (பைதானின் கணக்கு லைப்ரரி) பாணியில், மூன்றாமவர் தனக்குத் தோன்றியபடி. ஒருவர் முதல் வரியை முற்றுப்புள்ளியோடு முடிப்பார், அடுத்தவர் அப்படியே விட்டுவிடுவார். பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் இதற்காக யாரையும் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டு எழுப்பவேண்டி வராது. இன்னொன்று விஷயத்திலேயே வரும் வேறுபாடு. ஒரு ஃபங்ஷனில் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது) விநாடியில் என்று இருக்கிறது, அதன் பங்காளி ஃபங்ஷனில் மில்லிவிநாடி என்று இருக்கிறது, மூன்றாவதில் அலகே இல்லை. ராத்திரி போன் வருவது இதனால்தான்.

மொத்தத்தையும் ஏஐயிடம் கொடுத்தால் முதல் வியாதி சீக்கிரமே குணமாகிவிடும், மறுக்கவில்லை. இரண்டாவது அப்படியே இருக்கும், மேலே நன்றாகப் பூசி மெழுகப்பட்டு. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். இன்றைக்குக் கந்தலாக ஒரு டாக்ஸ்ட்ரிங்கைப் பார்ப்பவர், "இது பழசு போலிருக்கிறது, எதற்கும் சோர்ஸையே ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்று உஷாராகிறார். நாளைக்கு ஆயிரம் டாக்ஸ்ட்ரிங்கும் ஒரே மாதிரி, ஒரே நடையில், ஒரே தன்னம்பிக்கையோடு நிற்கும். எது சரிபார்த்து எழுதியது, எது யூகித்து எழுதியது என்று பிரித்துப் பார்க்க ஒரு அடையாளமும் மிஞ்சாது. மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரே மாதிரி ஆக்குவதே தப்பாகப் போகும் இடங்களும் உண்டு. பைதானோடு வரும் 'செலக்ட்' மாட்யூலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'செலக்ட்' ஃபங்ஷனுக்கு டைம்அவுட் விநாடியில் கொடுக்க வேண்டும். அதே மாட்யூலில் 'போல்' என்ற மெத்தடுக்கு மில்லிவிநாடியில். பக்கத்திலேயே இருக்கும் 'ஈபோல்' வகைக்கு மறுபடியும் விநாடி. மூன்றுமே கிட்டத்தட்ட ஒரே வேலைதான், பாராமீட்டர் பெயரும் ஒன்றுதான். அடியில் இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வழக்கம் ஒரு இடத்தில் அப்படியே மேலே ஏறி வந்துவிட்டது, இன்னொரு இடத்தில் பைதான் அதை மாற்றிக் கொடுக்கிறது. இதைத் தெரியாத ஒரு ஆள், அல்லது ஒரு கருவி, "மூன்றுக்கும் ஒரே வாசகம் வைப்போமே" என்று எல்லாவற்றிலும் விநாடி என்று எழுதிவிட்டால் பக்கம் அழகாக இருக்கும். அதை நம்பி 5 என்று கொடுத்தவருடைய புரோகிராம் ஐந்து விநாடி காத்திருப்பதற்குப் பதில் ஐந்து மில்லிவிநாடியில் கிளம்பிவிடும். இந்த மாதிரி இடத்தில் டாக்குமென்டேஷன் செய்ய வேண்டியது வேறுபாட்டை மூன்று இடத்திலும் உரக்கச் சொல்வது. உங்கள் லைப்ரரியிலும் இப்படி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். உருவத்தை முழுக்க மெஷினிடம் விட்டுவிடுங்கள், அதில் மனிதர்கள் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்க வேண்டாம். விஷயத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை மெஷினால் சோதிக்கக்கூடிய மாதிரி மாற்றுங்கள். அதற்கும் அகப்படாத மிச்சத்துக்கு மட்டும் ரிவ்யூ செய்பவரின் கண்ணைப் பயன்படுத்துங்கள். நாற்பது பக்க ஸ்டைல் கைடை யாரும் படிக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். எந்த ஊரிலும் படிப்பதில்லை. சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனைகளில்) ஓடாத விதி ஏட்டுச் சுரைக்காய்தான்.

உருவத்துக்கு எந்தப் பாணி என்பதை ஒரே மீட்டிங்கில் முடித்துவிடுங்கள். 2001இல் வந்த பெப் 257 என்ற பைதான் வழிகாட்டி ஆவணம் டாக்ஸ்ட்ரிங்குக்கு அடிப்படை ஒழுங்கு சொல்கிறது: முதல் வரி ஒரு சுருக்கம், அது கட்டளை போல இருக்கட்டும், அப்புறம் ஒரு வெற்று வரி, பிறகு விவரம். ஆனால் பாராமீட்டர்களை எப்படி அடுக்குவது என்று அது நுணுக்கமாகப் போகவில்லை. அந்த இடைவெளியில்தான் கூகுள் பாணியும் நம்பை பாணியும் வளர்ந்தன. பாராமீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் தேவைப்படும் கணக்கு, டேட்டா சம்பந்தப்பட்ட லைப்ரரி என்றால் நம்பை பாணி வசதி. சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் நிறைய என்றால் கூகுள் பாணி இடத்தை மிச்சப்படுத்தும். உங்கள் விஷயத்தில் இந்த ஒப்பீடுகூடத் தேவையில்லை. இருக்கும் ஃபைல்களில் எந்தப் பாணி அதிகமோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தோற்ற டீம் இரண்டு நாள் முணுமுணுக்கும், பிறகு பழகிவிடும்.

பாணியைத் தேர்ந்தெடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நம்பை பாணிக்கான நம்பைடாக் வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பாராமீட்டரின் டிஃபால்ட் மதிப்பை எழுத அதிலேயே மூன்று வழிக்கு அனுமதி இருக்கிறது: டிஃபால்ட் என்று போட்டு ஒரு இடைவெளி விட்டு மதிப்பு, சமக்குறி போட்டு மதிப்பு, முக்காற்புள்ளி போட்டு மதிப்பு. போதாததற்கு, டிஃபால்ட்டைச் சொல்லாமல் 'ஆப்ஷனல்' என்று மட்டும் போட்டுவிடவும் செய்யலாம். ஆக, "நாங்கள் நம்பைடாக் பாணி" என்று அறிவித்த லைப்ரரியிலும் நான்கு விதம் சட்டப்படியே இருக்க முடியும். உங்களுக்கு வேண்டியது நாற்பது பக்கக் கைடு அல்ல. இந்த மாதிரி பிரிகிற இடங்களில் எந்தப் பக்கம் போவது என்று மட்டும் சொல்லும் ஒரே ஒரு பக்கம். டிஃபால்ட்டை எப்படி எழுதுவது, எழுத்துச்சரத்தின் வகையை 'எஸ்டிஆர்' என்று பைதான் பெயரால் எழுதுவதா 'ஸ்ட்ரிங்' என்று எழுதுவதா, எக்ஸாம்பிள் யாருக்குக் கட்டாயம், அலகு உள்ள எதற்கும் அலகைச் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு போதும். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை ஓட வேண்டும். சோதனை எழுத முடியாத வரி என்றால், அது உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இப்போது அந்தச் சோதனைகளைப் பற்றி. டாக்ஸ்ட்ரிங்கை மட்டும் தனியாகச் சோதிக்க நிறையப் பேர் பைடாக்ஸ்டைல் என்ற கருவியை வைத்திருந்தார்கள். அதன் வேலையை இப்போது ரஃப் என்ற லின்டரே (கோடை ஓட்டாமலே பிழை தேடும் கருவி) செய்துவிடுகிறது; கூகுள், நம்பை, பெப் 257 மூன்றில் எது என்று ஒரு வரியில் சொன்னால் அதற்கேற்ற விதிகளை எடுத்துக்கொள்ளும். நம்பை பாணி என்றால் நம்பைடாக்கோடு வரும் சரிபார்ப்பும் சேர வேண்டும், ஏனென்றால் அது ஃபங்ஷனின் சிக்னேச்சரையும் (பெயரும் பாராமீட்டர்களும் உள்ள முதல் வரி) டாக்ஸ்ட்ரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. பிஆர்01 என்ற பிழை வந்தால் சிக்னேச்சரில் இருக்கும் ஏதோ ஒரு பாராமீட்டருக்கு விளக்கம் இல்லை. பிஆர்02 வந்தால் விளக்கத்தில் இருக்கும் பெயர் சிக்னேச்சரில் இல்லை. பிஆர்03 வந்தால் வரிசை மாறியிருக்கிறது. இதில் என்னைக் கேட்டால் பிஆர்02தான் பொன்னான பிழை. இல்லாத ஒரு பாராமீட்டரைப் பற்றி டாக்ஸ்ட்ரிங் பேசுகிறது என்றால், எப்போதோ ஒருவர் பெயரை மாற்றிவிட்டு அல்லது பாராமீட்டரையே எடுத்துவிட்டு விளக்கத்தைத் தொடாமல் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஃபங்ஷனின் மற்ற வரிகளையும் நம்ப முடியாது. முதல் நாள் இந்த ஒரு பிழையை மட்டும் தேடி ஓடவிட்டுப் பாருங்கள். லைப்ரரியில் எந்த மூலையில் அழுகியிருக்கிறது என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

எல்லாச் சோதனையையும் ஒரே நாளில் போட்டால் ஆயிரக்கணக்கில் சிவப்பு வரும், மறுநாளே யாராவது அதை அணைத்துவிடுவார்கள். பெரிய லைப்ரரிகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்ப்பது பிரயோஜனம். டேட்டாவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரிக்காக 2018 மார்ச் 10 அன்று உலகின் பல நகரங்களில் ஒரே நாளில் ஆட்கள் கூடி டாக்ஸ்ட்ரிங் எழுதினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த வேலைதான். ஆனால் அந்த நாளைவிட நீடித்த பலன் கொடுத்தது, அதற்காகத் தயாரான சரிபார்ப்பு ஸ்கிரிப்ட். பிழைக்கெல்லாம் எண் கொடுத்துப் பட்டியல் போட்டது அதுதான். அந்தச் சோதனைகள் பிற்பாடு நம்பைடாக்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. அந்த ஸ்கிரிப்டை பாண்டாஸின் சிஐயில் ஓடவிட்டபோது, இன்னும் தேறாத ஃபங்ஷன்களின் பெயரையும் ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பிழைக்கு விலக்கு என்பதையும் நீளமான பட்டியலாகவே எழுதி வைத்தார்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து இரண்டு மூன்றை எடுத்துச் சரிசெய்து, வரியை நீக்கிவிட்டுப் போவார்கள். மெஷின் லேர்னிங் லைப்ரரியான சைகிட்-லேர்னிலும் இதே கதைதான். டெஸ்ட் ஃபைலுக்குள் ஒரு விலக்குப் பட்டியல், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுவேதான். இன்றைய தேதிக்குத் தேறாத எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கொட்டுங்கள். புது ஃபங்ஷன் எதற்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. பட்டியல் நீண்டால் சிஐயில் பில்ட் விழ (தோற்க) வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒரு ஃபங்ஷன் இப்போது தேறிவிட்டது, ஆனால் வரியை யாரும் நீக்கவில்லை என்றாலும் பில்ட் விழ வேண்டும். இல்லையென்றால் சரியானது மறுபடி கெட்டுப்போகும்போது யாருக்கும் தெரியாது. இதற்கென்று தனியாக ஒரு "டாக்குமென்டேஷன் மாதம்" கேட்டு மேனேஜரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். யாராவது ஒரு ஃபைலைத் தொட்டால் அதில் தான் தொட்ட ஃபங்ஷனின் விலக்கையும் தீர்த்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஒரு வழக்கம் போதும். அடிக்கடி மாறும் ஃபங்ஷன்கள் முதலில் சரியாகும். ஐந்து வருடமாக யாருமே தொடாத ஃபங்ஷன் கடைசிவரை பட்டியலிலேயே கிடக்கும். கிடக்கட்டுமே.

ஒரு சின்ன எச்சரிக்கை. உருவத்தை மட்டும் மாற்றும் கமிட்டையும் (ஒன்றாகப் பதிவு செய்யும் மாற்றத் தொகுப்பு) விஷயத்தை மாற்றும் கமிட்டையும் கலக்காதீர்கள். கலந்தால் ரிவ்யூ செய்பவர் முந்நூறு வரி இடைவெளி மாற்றத்துக்கு நடுவில் "விநாடி" என்பது "மில்லிவிநாடி" ஆனதைப் பார்க்கவே மாட்டார். உருவ கமிட்டுகளின் எண்களை ஒரு ஃபைலில் எழுதி வைத்து அதைக் கிட்டுக்குக் காட்டிவிட்டால் கிட் பிளேம் (எந்த வரியை யார் எழுதினார் என்று சொல்லும் கட்டளை) அவற்றைத் தாண்டி உண்மையில் எழுதியவரைக் காட்டும், கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது.

அடுத்து, உங்கள் கடிதத்தின் நடு விஷயம்: ஒரே பாராமீட்டருக்கு ஐந்து விளக்கம். இதற்கு உலகத்தில் மூன்று வழி நடைமுறையில் இருக்கிறது, மூன்றையும் நான் ஒரே மாதிரி மதிக்கவில்லை.

ஒன்று டெம்ப்ளேட். விளக்கத்தை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, டெக்கரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேலே ஒட்டி அதை மாற்றும் குறிப்பு) மூலம் பல டாக்ஸ்ட்ரிங்குகளுக்குள் நுழைப்பது. கிராஃப் வரையும் மேட்பிளாட்லிப்பிலும் பாண்டாஸிலும் இது நிறைய உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சோர்ஸைத் திறப்பவருக்கு விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் அடைப்புக்குறியும்தான் தெரியும். அந்த வாசகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால் அங்கே கிளாஸ் பெயருக்குப் பதில் இன்னொரு ஓட்டை. எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதிய வாசகம் ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாமல் போகும். பாண்டாஸின் டேட்டாஃப்ரேமுக்கு (அட்டவணை) எழுதிய எக்ஸாம்பிள் சீரிஸின் (ஒற்றை நெடுவரிசை) பக்கத்தில் வந்து நிற்கும். அதற்காக ஒரு 'இஃப்', அப்புறம் இன்னொன்று. டாக்குமென்டேஷன் எழுத வந்தவர் ஒரு சின்ன கம்பைலரைப் பராமரிக்கும் நிலைக்கு வந்துவிடுவார். கிராஃபில் ஒரு கோட்டுக்கு உள்ள பத்திருபது பண்புகளை அடுக்கும் மேட்பிளாட்லிப் மாதிரியான இடத்துக்கு இது சரி. உங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது சொற்களஞ்சியம். சைகிட்-லேர்னில் 'ரேண்டம் ஸ்டேட்' என்ற பாராமீட்டர் எத்தனையோ கிளாஸ்களில் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் அது அங்கே எந்தத் தற்செயலைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு வரி இருக்கும்: டேட்டாவைக் கலைப்பதையா, ஆரம்ப மையங்களைத் தேர்ந்தெடுப்பதையா. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் ஒரே முடிவு வேண்டுமென்றால் ஒரு முழு எண்ணைக் கொடு என்று இன்னொரு வரி. அப்புறம் களஞ்சியத்துக்கு ஒரு லிங்க். முழு எண் கொடுத்தால் என்ன, ஒன்றுமே கொடுக்காவிட்டால் என்ன என்ற நீண்ட கதை அங்கே ஒரே ஒரு தடவை. எனக்கு இது மிகவும் பிடிக்கும். பொதுவானது ஒரே இடத்தில், அந்த இடத்துக்கே உரியது அந்தந்த இடத்தில். ஸ்பிங்க்ஸ் என்ற டாக்குமென்டேஷன் கருவியை வைத்துப் பக்கங்களைத் தயாரிக்கிறீர்கள் என்றால் இந்த லிங்க் உடைந்தால் எச்சரிக்கை வரும். எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஸ்விட்சையும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வாசகத்தை அந்தந்த இடத்திலேயே நகலெடுத்து எழுதிவிட்டு, நகல்கள் பிசகாமல் இருக்கின்றனவா என்று டெஸ்ட் வைப்பது. நகல் என்றாலே புரோகிராமர்களுக்கு அலர்ஜி. இந்த இடத்தில் அந்த அலர்ஜியை விட்டுவிடலாம். சைகிட்-லேர்னில் சில வருடங்களாக இதற்கென்றே ஒரு டெஸ்ட் கருவி இருக்கிறது. ப்ரிசிஷன், ரீகால், எஃப்1 (மாடல் எவ்வளவு சரி என்று அளப்பவை) என்று ஒரே குடும்பத்து ஃபங்ஷன்களைக் கொடுத்தால், அவற்றில் ஒரே பெயரில் இருக்கும் பாராமீட்டர்களின் வகையும் விளக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும். நியாயமாகவே வேறுபடும் பாராமீட்டர்களை விலக்கிவிடவும் முடியும். சோர்ஸைத் திறப்பவருக்கு முழு விளக்கமும் கண்ணெதிரே இருக்கிறது, ஒன்று மட்டும் தனியாக விலகிப் போகவும் முடியாது.

உங்கள் வீட்டில் இதைத் தொடங்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். பைதானின் 'இன்ஸ்பெக்ட்' மாட்யூலை வைத்து எல்லாப் பொது ஃபங்ஷன்களையும் எடுங்கள். நம்பைடாக்கோடு வரும் பார்ஸரை வைத்து பாராமீட்டர் பெயர், வகை, விளக்கம் மூன்றையும் பிரியுங்கள். பெயர் வாரியாகக் கூட்டி, எந்தப் பெயருக்கு அதிக வகை விளக்கங்கள் இருக்கின்றனவோ அதை மேலே வைத்து அச்சடியுங்கள். முதல் பத்துப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு டீமிலிருந்தும் ஒவ்வொருவரை உட்காரவைத்துப் பேசுங்கள். அந்த மீட்டிங்கில்தான் உண்மை வெளியே வரும். "டைம்அவுட்டுக்கு நாங்கள் நன் (None, அதாவது மதிப்பே இல்லை) கொடுத்தால் காத்துக்கொண்டே இருக்கும்", "எங்களுக்கு நன் என்றால் 30 விநாடி" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்போது தெரியும், பிரச்சினை விளக்கத்தில் இல்லை, ஃபங்ஷனிலேயே இருக்கிறது என்று. அதை டாக்குமென்டேஷனால் சரிசெய்ய முடியாது. இப்போதைக்கு இரண்டு இடத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, ஃபங்ஷனை மாற்ற ஒரு டிக்கெட் போடுங்கள்.

நன் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. டைப் ஹின்ட்கள் (கோடிலேயே எழுதும் வகைக் குறிப்புகள்) வைத்திருக்கிறீர்கள் என்றால் வகையை டாக்ஸ்ட்ரிங்கில் இரண்டாம் தடவை எழுத வேண்டியதில்லை. ஸ்பிங்க்ஸே ஹின்ட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது ஒரு நாள் இரண்டும் சண்டை போடும். ஆனால் வகை மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? சைகிட்-லேர்னில் 'என்-ஜாப்ஸ்' என்று ஒரு பாராமீட்டர். வகை முழு எண் அல்லது நன். இதைப் படித்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாது. நன் என்றால் பொதுவாக 1, அதாவது ஒரே வேலையாக ஓடும். -1 என்றால் இருக்கும் எல்லா ப்ராசஸர்களையும் எடுத்துக்கொள்ளும். இந்த விவரத்தை எந்த டைப் ஹின்ட்டும் சொல்லாது. டாக்ஸ்ட்ரிங் இருப்பதே இதற்குத்தான். ஆகவே உங்கள் ஒற்றைப் பக்கத்தில் இதையும் சேர்த்துவிடுங்கள்: நன், 0, -1, வெற்று லிஸ்ட் இவற்றை ஏற்கும் பாராமீட்டர் ஒவ்வொன்றிலும் அதற்கு அங்கே என்ன அர்த்தம் என்று ஒரு வரி கட்டாயம். இந்த வரி இருக்கிறதா என்று மெஷினால் ஓரளவுக்குப் பார்க்க முடியும். வகையில் நன் இருந்து விளக்கத்தில் நன் என்ற சொல்லே வரவில்லை என்றால் பிடித்துவிடலாம்.

எக்ஸாம்பிள்கள் ஓட வேண்டும். டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள எக்ஸாம்பிள்களை ஓட்டிப் பார்க்கும் டாக்டெஸ்ட் பைதான் 2.1இலிருந்தே கூடவே வருகிறது, பயன்படுத்தாமல் இருக்கக் காரணமே இல்லை. அதில் இருக்கும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துக் கோபத்தில் அணைத்துவிடுவீர்கள். டாக்டெஸ்ட் விடையை எழுத்தாகத்தான் ஒப்பிடும். நம்பை 1.14, 2018 ஜனவரியில் வந்தபோது அரேக்களை அச்சிடும் விதம் மாறியது. இடைவெளி ஒன்று கூடக்குறைய ஆனதற்கே பல லைப்ரரிகளின் டாக்டெஸ்ட்கள் மொத்தமாக விழுந்தன. 2024இல் நம்பை 2.0 வந்தபோது வெறும் 3.0 என்று வந்துகொண்டிருந்த விடை, வகைப் பெயரையும் சேர்த்துக்கொண்டு வர ஆரம்பித்தது; மறுபடியும் அதே கூத்து. கணக்கு ஒன்றும் தப்பவில்லை, உடுப்புதான் மாறியது. ஆகவே எக்ஸாம்பிளில் விடையை அப்படியே கொட்டாமல், முடிந்த இடத்தில் சாதாரண பைதான் எண்ணாக மாற்றி அல்லது ரவுண்ட் செய்து காட்டுங்கள். தசமம் நீளமாக வரும் இடத்தில் மூன்று புள்ளி வைத்து விட்டுவிட டாக்டெஸ்டிலேயே வழி இருக்கிறது. நெட்வொர்க் தேவைப்படும் எக்ஸாம்பிளுக்கு ஸ்கிப் போடலாம், ஆனால் ஸ்கிப்களையும் அந்த விலக்குப் பட்டியலின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது ஒரு பின்வாசல் ஆகிவிடும்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு ஏஐயைக் கூப்பிடலாம். அப்போதும் எழுதச் சொல்வதற்கு முன்னால் தேடச் சொல்லுங்கள். ஒரு மாட்யூலைக் கொடுத்து, "டாக்ஸ்ட்ரிங் சொல்வதற்கும் உள்ளே நடப்பதற்கும் முரண் எங்கே இருக்கிறது, வரி எண்ணோடு பட்டியல் போடு" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பார்த்துத் தள்ளிவிடலாம். சரியாகச் சொன்னால் ராத்திரி வரவேண்டிய ஒரு போன் குறைந்தது. எழுதச் சொல்வது என்றால் ஒரு புல் ரிக்வெஸ்டுக்கு (சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) பத்துப் பதினைந்து ஃபங்ஷனுக்கு மேல் வேண்டாம், அந்தப் பகுதியை எழுதியவர்தான் ரிவ்யூ செய்ய வேண்டும். ரிவ்யூவில் அவர் பார்க்க வேண்டியது இரண்டே கேள்வி: இது உண்மையா, இதைப் படித்துவிட்டு சோர்ஸைத் திறக்காமல் ஒருவரால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட முடியுமா. கமா, முற்றுப்புள்ளி பற்றி ரிவ்யூவில் யாராவது கமென்ட் போட்டால், அதற்கு ஒரு லின்ட் விதி எழுதச் சொல்லி அவர் தலையிலேயே கட்டிவிடுங்கள். முற்றுப்புள்ளி கமென்ட்கள் தானாக நின்றுபோகும்.

கடைசியாக, அண்டர்ஸ்கோர் ஃபங்ஷன்கள். வேண்டாம். இந்தச் சோதனைகளைப் பொது ஃபங்ஷன்களோடு நிறுத்திக்கொள்ளலாம், உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு வரிச் சுருக்கம் போதும். 2008இல் நம்பையின் டாக்ஸ்ட்ரிங்குகளை ஒரு விக்கியில் போட்டுப் பலர் சேர்ந்து எழுதியபோது, ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத வேண்டும், எழுதப்படுகிறது, ரிவ்யூ வேண்டும் என்று நிலைகள் வைத்திருந்தார்கள். அவற்றோடு 'முக்கியமில்லை' என்றும் ஒரு நிலை இருந்தது. தயக்கமில்லாமல் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். மற்ற மூன்று டீம்களின் ரெப்பாஸிட்டரிகளிலும் உங்கள் லைப்ரரியின் அண்டர்ஸ்கோர் பெயர்களை யாராவது இம்போர்ட் செய்திருக்கிறார்களா என்று ஒரு கிரெப் (சொல் தேடல்) ஓட்டிப் பாருங்கள். பத்து வருட லைப்ரரியில் சில பெயர்கள் கட்டாயம் மாட்டும். அவை பெயரில்தான் உள் ஃபங்ஷன்கள். அண்டர்ஸ்கோரை எடுத்துவிட்டு, முழு விளக்கம் எழுதி, பழைய பெயருக்கு டெப்ரிகேஷன் எச்சரிக்கை (இது பிற்பாடு நீக்கப்படும் என்ற அறிவிப்பு) போட்டுவிடுங்கள். விலக்குப் பட்டியலை உருவாக்குவதற்கு முன்பே இதை முடித்துவிட்டால் அவையும் கணக்கில் வந்துவிடும்.